கைக்குழந்தையின் மூளையில் அன்யூரிசம்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஒரு வயது நிறையாத குழந்தையின் ஸ்கேன் அறிக்கையில் 'அன்யூரிசம்' என்ற சொல் வந்துவிட்டால், அன்று இரவே வீட்டில் யாராவது ஒருவர் போனில் தேட ஆரம்பித்துவிடுவார். கிடைப்பதெல்லாம் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைப் பற்றிய தகவல். அதில் பெரும்பகுதி கைக்குழந்தைக்குப் பொருந்தாது. சில விஷயங்கள் நேர்மாறாகவே இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். உங்கள் குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும். அவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை.

அன்யூரிசம் என்றால் என்ன?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகி, உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தால் வெளிப்பக்கம் புடைத்துக் குமிழாகிவிடுகிறது. உடலில் மற்ற இடங்களில் உள்ள தமனிகளின் சுவரில் உள்ளும் புறமும் மீள்தன்மை கொண்ட படலங்கள் உண்டு. மண்டையோட்டுக்குள் உள்ள தமனிகளுக்கு வெளிப்படலம் கிடையாது. தாங்கிக்கொள்ளச் சுற்றிலும் தசையோ கொழுப்போ இல்லை. மூளையைச் சூழ்ந்த நீருக்குள்தான் அவை ஓடுகின்றன. குமிழ் ஒரு பக்கமாகப் பைபோலத் தொங்கலாம், அல்லது குழாயே நீளவாக்கில் உப்பியிருக்கலாம். இரண்டாவது வகை பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம்.

எவ்வளவு அரிது?

மிக அரிது. பெரியவர்களில் நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு மூளையில் அன்யூரிசம் இருக்கும், பலருக்கு அது தெரியாமலே வாழ்க்கை ஓடிவிடும். கண்டறியப்படும் எல்லா அன்யூரிசங்களிலும் சிறுவர் சிறுமியருடையது 5 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் ஒரு வயதுக்குள் வருவது ஒரு சிறு துளி. அனுபவமுள்ள நரம்பியல் அறுவை மருத்துவர்கூட இப்படி ஒரு கைக்குழந்தையை வாழ்நாளில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பார்த்திருப்பார். அதனால் டாக்டர் 'இன்னொரு மையத்திலும் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். இந்த நோயில் அப்படிக் கேட்பவர்தான் நல்ல டாக்டர்.

கர்ப்பத்தில் நான் ஏதாவது தவறு செய்தேனா?

இல்லை. கர்ப்பத்தில் சாப்பிட்டது, பயணம் போனது, கிரகணத்தன்று வெளியே வந்தது எதுவும் காரணமில்லை. பல கைக்குழந்தைகளில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை. கிடைக்கும் காரணங்களில் முக்கியமானவை: இதய உள்ளறையில் கிருமித் தொற்று வந்து அதன் துணுக்கு மூளைத் தமனியில் போய்த் தங்குவது, தலையில் பலத்த அடி, தமனிச் சுவரின் உட்படலம் கிழிந்து ரத்தம் சுவருக்குள்ளேயே புகுவது, இணைப்புத் திசுவைப் பாதிக்கும் அல்லது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் சில மரபணு நோய்கள், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி) பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருப்பது. அதனால்தான் மூளையில் பிரச்சினை என்று வந்த குழந்தைக்கு இதய எக்கோ, சிறுநீரக ஸ்கேன், ரத்தக் கல்ச்சர் எல்லாம் எழுதுகிறார்கள். தொடையிடுக்கில் நாடி பிடித்துப் பார்ப்பதும் மகாதமனிக் குறுகலைத் தேடித்தான்.

பாட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையை உருவியதால் வந்திருக்குமா?

வழக்கமான எண்ணெய்க் குளியலால் அன்யூரிசம் வருவதில்லை. அடியால் வரும் அன்யூரிசத்துக்கு உயரத்திலிருந்து விழுவது, வாகன விபத்து, கூரிய பொருள் குத்துவது போன்ற பெரிய காயம் வேண்டும். பாட்டியை விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்று: அழுகிற குழந்தையைப் பிடித்துக் குலுக்குவதும், 'உரம் எடுக்கிறோம்' என்று புடவையில் போட்டு உருட்டுவதும் வேண்டாம். குலுக்கினால் மூளையுறைக்கு அடியில் உள்ள நாளங்கள் அறுந்து ரத்தம் கசியும். அன்யூரிசம் இல்லாத குழந்தைக்கும் அது ஆபத்துதான்.

என்ன அறிகுறி காட்டும்?

பெரியவர்கள் 'வாழ்க்கையில் இப்படி ஒரு தலைவலி வந்ததே இல்லை' என்பார்கள். மூன்று மாதக் குழந்தை எப்படிச் சொல்லும்? கழுத்து விறைப்புகூடப் பெரும்பாலும் இருக்காது. திடீரென்று வீறிட்டு அழும், பிறகு துவண்டுவிடும். பால் குடிக்காது, கக்கும், முகம் வெளுக்கும். கை கால் இழுக்கும், அல்லது கண் ஒரு பக்கமாகச் செருகி வாய் சப்புக்கொட்டுவது மட்டும் இருக்கும். கைக்குழந்தையின் வலிப்பு பல நேரம் அவ்வளவுதான். உச்சிக்குழியைத் தொட்டால் புடைத்து இறுகியிருக்கும். உட்கார்த்திப் பிடித்து, குழந்தை அழாமல் இருக்கும்போது தொட்டுப் பார்க்க வேண்டும். அழும்போது எல்லாக் குழந்தைக்கும் அது சற்றுப் புடைக்கும்.

ரத்தம் கசியாமலே குமிழ் பெரிதானால் வேறு மாதிரி: ஒரு கண்ணிமை மட்டும் தொங்கும், மாறுகண் புதிதாக வரும், ஒரு பக்கக் கை அசைவு குறையும், தலைச் சுற்றளவு வேகமாகக் கூடும்.

நம் ஊரில் தாமதம் எங்கே நடக்கிறது என்றால், இதே அறிகுறிகளுக்கு வீட்டில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. விடாமல் அழுதால் உரம் விழுந்தது, கக்கினால் மாந்தம், இழுத்தால் தோஷம். நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை குழந்தை தானாகச் சரியாகிவிடுவதால் அந்தப் பெயர்களுக்கு மதிப்பும் கூடிவிடுகிறது. வசம்பு உரைப்பதோ மந்திரிப்பதோ உங்கள் விருப்பம். ஆனால் வலிப்பு வந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ முதலில் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. போகும் வழியில் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

மூளையில் ரத்தக்கசிவு என்றால் அன்யூரிசம்தானா?

பெரும்பாலும் இல்லை. குறைமாதக் குழந்தையின் மூளை அறைகளை ஒட்டி வரும் கசிவு வேறு. 2 முதல் 12 வாரக் குழந்தைக்கு, அதுவும் தாய்ப்பால் மட்டுமே குடிப்பதற்கு, பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடாமல் விட்டிருந்தால், அந்தக் குறைபாட்டாலேயே மூளையில் கசியலாம். பிரசவ அறிக்கையில் அந்த ஊசி எழுதியிருக்கிறதா என்று டாக்டர் கேட்பது இதற்காக. ஒரே ஒரு மில்லிகிராம் ஊசி தடுத்துவிடக்கூடிய விஷயம் அது. வீட்டுப் பிரசவம் என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஹீமோஃபிலியா போன்ற உறைதல் கோளாறுகளும் பட்டியலில் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குழந்தையை யாராவது அடித்தார்களா, குலுக்கினார்களா என்றும் கேட்பார்கள். அன்யூரிசம் வெடித்தாலும் விழித்திரையில் ரத்தம் தெரியலாம், பலமாகக் குலுக்கினாலும் தெரியலாம். இரண்டையும் பிரித்தறிய அந்தக் கேள்வி தேவை. கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

'வெயின் ஆஃப் கேலன் அன்யூரிசம்' என்று எழுதியிருக்கிறது. அது இதுதானா?

பெயரில் அன்யூரிசம் இருந்தாலும் அது வேறு நோய். அங்கே தமனிகள் நேரடியாக ஒரு சிரைக்குள் திறந்துகொள்வதால் அந்தச் சிரை உப்பிவிடுகிறது. பச்சிளம் குழந்தைக்கு அது பெரும்பாலும் இதயச் செயலிழப்பாகத்தான் தெரியவரும். சிகிச்சையும் வேறு, போக்கும் வேறு. அதற்கான தகவலை இந்தப் பக்கத்தில் தேடாதீர்கள்.

எந்த ஸ்கேனில் தெரியும்?

கைக்குழந்தைக்கு ஒரு வசதி உண்டு: உச்சிக்குழி மூடியிருக்காது. எலும்பு இல்லாத அந்த இடத்தில் ஜெல் தடவி, சின்ன அல்ட்ராசவுண்டு கருவியை வைத்தால் படுக்கையிலேயே மூளை தெரியும். திரையில் கறுப்பாக, உருண்டையாக ஒன்று தெரிந்தால் அது நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரைப் போட்டதும் அந்த உருண்டையின் ஒரு பாதி சிவப்பாகவும் மறுபாதி நீலமாகவும் சுழன்றால், உள்ளே ரத்தம் ஒரு பக்கம் புகுந்து வட்டமடித்து மறுபக்கம் திரும்புகிறது என்று பொருள். கதிர்வீச்சு இல்லை, மயக்கம் தேவையில்லை. ஆனால் ஓரத்தில் உள்ள சின்னக் குமிழ்கள் இதில் தப்பிவிடும்.

அவசரத்தில் சிடி. அதில் கசிவு உடனே தெரியும், சாயம் செலுத்தி எடுத்தால் குமிழும் தெரியும். எம்ஆர்ஐ எடுக்க, சில மாதக் குழந்தை என்றால் வயிறு நிறையப் பாலூட்டி, துணியில் சுற்றித் தூங்கவைத்தே முடித்துவிடலாம்; வளர்ந்த குழந்தைக்கு மயக்க மருந்து வேண்டும். கடைசி வார்த்தை, தமனிக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கும் ஆஞ்சியோகிராமுக்குத்தான். லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் முதன்முதலில் செய்துகாட்டிய அந்த முறை, எவ்வளவோ மாறிய பிறகும், குமிழின் கழுத்து, பக்கக் கிளைகள், ரத்தம் போகும் வேகம் எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டுவதில் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது.

எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நான்கு விதமாகப் போகலாம்.

வெடித்த குமிழ் மறுபடி வெடிக்கலாம். முதல் கசிவுக்குப் பிந்தைய நாட்களில் இந்த ஆபத்து அதிகம், இரண்டாவது கசிவு முதலாவதைவிட மோசமாக இருக்கும். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் கைக்குழந்தையின் தலை சற்று விரிந்து இடம் கொடுக்கும். அதனால் பெரிய கசிவுகூடச் சில மணி நேரம் சாதாரணமாகத் தோன்றலாம். அந்த அமைதியை நம்பக் கூடாது. கண்டறியப்படும் கைக்குழந்தைகளில் பெரும்பாலோர் கசிவோடுதான் வருகிறார்கள், அவர்களுக்குச் சிகிச்சை இல்லாமல் விட்டால் இறப்பு அதிகம்.

வெடிக்காமலே பெரிதாகலாம். 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் 'ராட்சத அன்யூரிசம்' என்பது பெரியவர்களுக்கான கணக்கு. அந்த ரகம் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் பல மடங்கு அதிக விகிதத்தில் வருகிறது. கைக்குழந்தையின் சின்னத் தலையில் 15 மில்லிமீட்டரே பெரிய ஆக்கிரமிப்பு. பக்கத்து நரம்பை அழுத்தும், மூளைநீர் ஓடும் வழியை அடைக்கும்.

உள்ளேயே உறையலாம். குழந்தைகளிடம் இது நன்கு தெரிந்த நிகழ்வு. குமிழ் பெரிதாகவும் கழுத்து சிறிதாகவும் இருந்தால் உள்ளே ரத்தம் மந்தமாகச் சுற்றி, மெல்ல உறைந்துவிடும். எம்ஆர்ஐயில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு சமயத்தில் உறைந்த ரத்தம். முழுவதும் உறைந்து, குமிழ் சுருங்கியே போன குழந்தைகளும் உண்டு. ஆஞ்சியோவில் பார்த்த குமிழ், ஆபரேஷனுக்கு முன் மறுபடி எடுத்தபோது காணாமல் போயிருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நான்காவது, காரணம் தீர்ந்ததும் குணமாவது. கிருமித் தொற்றால் வந்த குமிழ் சரியான ஆன்டிபயாடிக்கை வாரக்கணக்கில் கொடுத்ததும் சுருங்கலாம். சுவர் கிழிந்து வந்தது ஆறித் தழும்பாகலாம். அதே தொற்றுக் குமிழ், மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே பெரிதாவதும் உண்டு. ஆகவே மருந்தோடு ஸ்கேனும் தொடர வேண்டும்.

இந்த நான்கில் எது நடக்கும் என்று ஒரே ஒரு ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தையின் அன்யூரிசம் வாரக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் மாறக்கூடியது. போன மாத ஸ்கேனை வைத்து இந்த மாதம் முடிவெடுக்கச் சொன்னால், புதிதாக ஒன்று எடுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

தானாக உறைந்துவிடுமென்றால் காத்திருக்கலாமே?

கசிந்த குமிழுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். கசியாததற்கும் 'உறைந்தது' என்பது முழு நற்செய்தி இல்லை. உறைகட்டி கழுத்தைத் தாண்டி மூல நாளத்துக்குள் நீண்டால் அந்தப் பகுதி மூளைக்கு ரத்தம் நின்று பக்கவாதம் வரும். பாதி உறைந்தது மீதி வழியாக மறுபடி திறந்துகொள்ளலாம், வெடிக்கவும் செய்யலாம். உறையட்டும் என்று விடுவது ஒரு முடிவுதான், ஆனால் அடிக்கடி ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் அன்றே கையில் எடுக்கக்கூடிய மருத்துவமனையில் இருந்துகொண்டு செய்யும் முடிவு. 'மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்று சீட்டு எழுதி அனுப்புவதற்குப் பெயர் கண்காணிப்பு இல்லை.

7 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு என்று படித்தேனே?

அந்த எண் 2003இல் வெளியான பன்னாட்டு ஆய்விலிருந்து வருவது. அது பெரியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. வெடிக்கும் வாய்ப்பைக் கணக்கிட 2014இல் வந்த 'ஃபேசஸ்' மதிப்பெண் முறையில் வயது பற்றிய ஒரே கேள்வி, நோயாளி எழுபதுக்குக் கீழா மேலா என்பதுதான். ஏழு மாதக் குழந்தைக்கு அதை நிரப்பினால் என்ன கிடைக்கும்? கைக்குழந்தைக்கென்று அப்படியொரு கணக்கு இல்லை. நாளத்தின் இடம், வடிவம், காரணம், இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே வந்த மாற்றம் இவற்றைப் பார்த்து ஒரு குழு கூடி முடிவெடுக்கிறது.

கிளிப்பா, காயிலா? எது நல்லது?

மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் கிளிப் போடுவது ஒரு வழி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வால்டர் டாண்டி 1937இல் தொடங்கிவைத்தது. தொடையிடுக்குத் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, குமிழுக்குள் பிளாட்டினச் சுருளை (காயில்) நிரப்புவது இன்னொரு வழி. குய்தோ குக்லியெல்மி உருவாக்கிய கழன்றுவிடும் சுருள் லாஸ் ஏஞ்சலஸில் 1990இல் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. குழாயே உப்பிய வகைக்கு இரண்டுமே பொருந்தாமல் போகலாம். அப்போது அந்த நாளத்தையே அடைத்துவிடுவார்கள். கைக்குழந்தையின் மூளையில் பக்கத்து நாளங்கள் கைகொடுக்கும் திறன் அதிகம் என்பதால் பல நேரம் அது தாங்கும்.

ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் வலைக்குழாய்களும் வந்திருக்கின்றன. அவற்றைப் போட்டால் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், குழந்தை வளர வளர நாளமும் வளரும், வலை வளராது. என்னைக் கேட்டால், எந்த முறை என்பதைவிட அந்த முறையைச் சின்னக் குழந்தைகளுக்குச் செய்து பழகிய குழு எது என்பதே பெரிய கேள்வி.

இவ்வளவு சின்ன உடம்பு தாங்குமா?

குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். ஐந்து கிலோ குழந்தை என்றால் மொத்தமே 400 மில்லி, இரண்டு டம்ளர். அதில் 40 மில்லி போனாலே பத்தில் ஒரு பங்கு. ஆகவே ஆபரேஷன் அறையில் பஞ்சில் ஊறிய ரத்தத்தைக்கூடக் கணக்கு வைப்பார்கள், மாற்று ரத்தம் முன்பே தயாராக இருக்கும். ஆஞ்சியோவில் சாயத்துக்கும் எடைக்கேற்ற உச்சவரம்பு உண்டு. குழாய் செலுத்திய கால் சில சமயம் குளிர்ந்து வெளிறும். தொடைத் தமனி அவ்வளவு சிறியது. நர்ஸ் அடிக்கடி வந்து பாதத்தில் நாடி பார்ப்பது அதற்குத்தான். நிறம் மாறியதாக உங்களுக்குத் தோன்றினால் உடனே கூப்பிடுங்கள்.

கசிவுக்குப் பிறகு என்னென்ன வரலாம்?

மூளைநீர் தேங்குவது முதலில். உச்சிக்குழி மறுபடி புடைக்கும், கண்கள் கீழ்நோக்கியே நிற்கும். தற்காலிகமாக வெளியே வடிகுழாய், தொடர்ந்தால் வயிற்றுக்குள் வடிக்கும் ஷன்ட். வலிப்புக்கு மருந்து. பெரியவர்களைப் பாடாய்ப்படுத்தும் நாளச் சுருக்கம் குழந்தைகளுக்கும் ஆஞ்சியோவில் தெரியும், ஆனால் அதனால் பக்கவாதம் வருவது குறைவு.

பிழைத்த குழந்தை எல்லாரையும்போல வளருமா?

பலர் வளர்கிறார்கள். வளரும் மூளை இழப்பைச் சமாளிக்கும் விதம் பெரியவர்களிடம் பார்க்க முடியாதது. முதல் கசிவு எவ்வளவு பெரியது, மறுபடி கசிந்ததா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். கவனிக்க ஒரு எளிய குறிப்பு: ஒரு வயதுக்குள் குழந்தை எதை நீட்டினாலும் ஒரே கையால் மட்டும் வாங்கினால், 'இடதுகைக்காரன்' என்று பூரிக்க வேண்டாம். கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. மற்றக் கை பலவீனமாக இருக்கலாம். பிசியோதெரபியை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம்.

குழந்தையை அழவே விடக் கூடாதா? தடுப்பூசி?

கசிந்த புதிதில் ஆஸ்பத்திரியில் வலிமருந்து கொடுத்து, ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, அமைதியாக வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் அழாமல் வளர்க்க யாராலும் முடியாது, அப்படி முயன்று தூக்கம் கெடவும் வேண்டாம். தடுப்பூசிகள் தொடரலாம், தேதியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்பிரின் போய்க்கொண்டிருந்தால் ஊசி போடும் நர்ஸிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்கு அம்மை அல்லது ஃப்ளூ போலத் தெரிந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறெதையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எத்தனை வருடம் ஸ்கேன் எடுக்க வேண்டும்?

பல வருடம். அடைத்த குமிழ் திரும்ப நிரம்பலாம், வேறு இடத்தில் புதிது வரலாம். குழந்தைகளிடம் இரண்டும் தெரிந்த விஷயம்தான். முதல் வருடம் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் எம்ஆர்ஐ எடுப்பது வழக்கம். பிளாட்டினச் சுருளும் டைட்டானியம் கிளிப்பும் எம்ஆர்ஐக்குத் தடையில்லை, ஆனால் என்ன வைத்தார்கள் என்று எழுதிய அட்டை கையில் இல்லாவிட்டால் பல ஸ்கேன் மையங்களில் உள்ளே விட மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு அதையும் போனில் படமெடுத்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

மரபணுக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாருக்கும் ஸ்கேன் தேவையில்லை. இணைப்புத் திசு நோய், சிறுநீரக நீர்க்கட்டி நோய் போன்று ஏதாவது கிடைத்தால், அல்லது குடும்பத்தில் நெருங்கிய உறவில் இருவருக்கு மூளையில் அன்யூரிசம் இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.